தூசி தட்டுற வேலைக்கு ஒரு டிகிரியா?

போன வாரம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலையில் மாமா. பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறவர். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"காலேஜ் முடியப் போவுதே, அடுத்து என்னம்மா?"

"நூலகவியல் படிக்கலாம்னு இருக்கேன் மாமா."

ரசத்துக்கு நீட்டின கையை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரித்தார். "லைப்ரரியில புத்தகத்துக்குத் தூசி தட்டுறதுக்கு ஒரு டிகிரியா? அதுக்கு நம்ம மண்டியிலயே வேலை தர்றேன், வந்து தக்காளிப் பெட்டி அடுக்கு!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. மாமா மேல் இல்லை, அவர் தங்கமான மனுசன். அவரை அப்படி நினைக்க வைத்த நம் எல்லோர் மேலும்தான். அந்தக் கோபத்தில் எழுதியது இது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள் :-)

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நூலகர் வேலை என்பது அமைதிக்கான வேலை. வெள்ளைப் புறா பறக்கவிடுகிற அமைதி இல்லை. சண்டை மூளாமல் பார்த்துக்கொள்கிற, மூண்ட சண்டைக்குப் பிறகு உண்மையைத் தேடி எடுத்துக் கொடுக்கிற அமைதி. அதைப் புரிந்துகொள்ளாத சமூகம் எரிந்த நூலகத்துக்காக எத்தனை கவிதை எழுதினாலும் அது வெறும் ஜல்லிதான்.

மாமாவின் தக்காளி

முதலில் மாமா கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2016 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அங்கே ஒரு பையனை அடிக்கிற வீடியோ இங்கே ஓடியது. இங்கே ஒருவரை அடிக்கிற வீடியோ அங்கே ஓடியது. வீடியோ ஓடின வேகத்தில் எது எங்கே நடந்தது, யார் ஆரம்பித்தது என்று நின்று கேட்க ஆளில்லை. நம் பக்கத்து வண்டிகள் ஓசூரோடு நின்றன. மாமாவின் ஒரு லோடு தக்காளி அங்கேயே அழுகிப் போனது. அந்த நஷ்டத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இப்போது ஒரு கேள்வி. காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 404.25 என்றும் 284.75 என்றும் மாற்றியது. இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினவர்களில் எத்தனை பேர் இந்த நாலு எண்ணையும் சொல்வார்கள்? தீர்ப்பு நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஆனால் பாலக்கோட்டு விவசாயி ஒருவர் அதில் தனக்கு வேண்டிய பக்கத்தைத் தமிழில் தெரிந்துகொள்ள யாரிடம் போவார்?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் போன நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கான திட்டம். 1998ல் மத்திய அரசு முன்னிலையில் இரண்டு மாநிலமும் பேசி, பெங்களூர்க் குடிநீருக்கு நாமும் ஒகேனக்கல் குடிநீருக்கு அவர்களும் மறுப்பில்லை என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆனால் 2008ல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியதும் என்ன ஆயிற்று? பெங்களூரில் தமிழ்ப்படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன, இங்கே சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம், பஸ் நிறுத்தம். கடைசியில் கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2013ல்தான் தண்ணீர் வந்தது.

பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதம். அதை இரண்டு மொழியிலும் போட்டு, எல்லையின் இரண்டு பக்கத்து நூலகங்களிலும் மக்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருந்தால் கலவரமே வந்திருக்காது என்று உடான்ஸ் விட மாட்டேன். அரசியல்வாதிக்குச் சண்டை வேண்டுமென்றால் காகிதம் தடுக்காது. ஆனால் அவர் பின்னால் ஓடுகிற ஆயிரம் பேரில் நூறு பேராவது நின்று யோசித்திருப்பார்கள். அந்த நூறு பேரை நிற்கவைப்பதும் ஒரு வேலைதான்.

"எல்லாம்தான் கூகுள்ல இருக்கே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இப்போது அதோடு "ஏஐ-கிட்ட கேட்டா சொல்லிடுதே" என்பதும் சேர்ந்துவிட்டது. அய்யா, யாரோ ஒருவர் உட்கார்ந்து ஏற்றியதுதான் கூகுளில் இருக்கும். ஏற்றாதது இருக்காது. ஏஐ-யும் அப்படித்தான். உங்கள் தாத்தா காலத்து ஊர்ப் பத்திரிகையை எவரும் ஸ்கேன் செய்யவில்லை என்றால், உலகத்தைப் பொறுத்தவரை அது வெளிவரவே இல்லை.

அதை ஏற்றுகிறவர் யார்? பழைய தாள் கிழியாமல் படமெடுக்கத் தெரிந்தவர், யார் எழுதியது, எந்த வருடம், எதைப் பற்றியது என்று விவரம் சேர்த்துப் பதியத் தெரிந்தவர், இருபது வருடம் கழித்தும் அந்தக் கோப்பு திறக்கும்படி பாதுகாக்கத் தெரிந்தவர். மாமா, அவருக்குப் பெயர்தான் நூலகர். அதற்குத்தான் டிகிரி.

சீர்காழியில் பிறந்தவரும் யாழ்ப்பாணமும்

இந்தப் படிப்பை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் நம்மவர். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். போன புதிதில் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலையாகத் தெரிந்து, பழைய வேலைக்கே திரும்புகிறேன் என்று கேட்டாராம். ஆக, என் மாமாவுக்கு வந்த சந்தேகம் அவருக்கே வந்திருக்கிறது! லண்டன் போய் அங்கே நூலகங்கள் மக்களுக்கு என்ன செய்கின்றன என்று பார்த்த பிறகுதான் மனம் மாறினார். 1931ல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933ல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில் வந்ததும் அவருடைய உழைப்பால்தான்.

அதே ரங்கநாதன் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஆலோசனை சொன்னார். 1933ல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டுப் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதில் முளைத்தது அந்த நூலகம். ஊர் கூடிப் பணம் சேர்த்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து கொடுத்து, 1959ல் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை அது எரிந்தது. மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் நடக்கவிருந்த வாரம். கொழும்பிலிருந்து கொண்டுவந்து குவிக்கப்பட்ட போலீஸ் கும்பல் செய்த வேலை. ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள், வேறு எங்கும் பிரதி இல்லாத நூல்கள் என்று சுமார் 97,000 சாம்பல். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

இந்தக் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது.

அழுதவர்களும் வேலை செய்தவர்களும்

ஒவ்வொரு ஜூன் 1-ம் தேதியும் நம் மேடைகளில் அந்த நூலகம் மறுபடி எரிகிறது. கைதட்டல் வாங்க அதைவிட நல்ல நெருப்பு கிடையாது. பேசி முடித்துவிட்டு இறங்குகிற பேச்சாளரைப் பிடித்து, "அண்ணே, உங்க ஊர் நூலகத்துல நீங்க உறுப்பினரா?" என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒருவரிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அழாமல் வேலை செய்தவர்களைப் பாருங்கள். 2005ல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலர் தன்னார்வமாக "நூலகம்" என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். போர் நிறுத்தம் ஆட்டம் கண்டு மறுபடி சண்டை வரப்போகிற நேரம். அந்த நேரத்தில் இவர்கள் புத்தகம் புத்தகமாக, பத்திரிகை பத்திரிகையாக ஸ்கேன் செய்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பாலக்கோட்டில் உட்கார்ந்து போனில் நான் பழைய ஈழநாடு வாசிக்கிறேன். எரித்தவன் எதை நினைத்து எரித்தானோ அது நடக்கவில்லை.

இன்னொருவர் நூலகர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர். இலங்கைத் தமிழர் எழுதிய நூல்களைத் தேடித் தேடி, ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல் என்று விவரம் சேர்த்து "நூல்தேட்டம்" வெளியிட்டார். 2002ல் முதல் தொகுதி. அதன்பின் பத்துக்கும் மேல் வந்துவிட்டன. எரிந்ததற்கு முதலில் பட்டியல் வேண்டும். என்ன இருந்தது என்றே தெரியாதவர் எதை இழந்தேன் என்று சொல்வார்?

அரசாங்கமும் ஒன்று செய்தது. 1998ல் கட்டடத்தைத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தது. நாடு முழுக்கப் புத்தகமும் செங்கல்லும் சேர்த்தார்கள். சிங்கள மக்கள் பலர் மனமாரக் கொடுத்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் எரித்தது யார், உத்தரவு யாருடையது என்பதற்கு நீதிமன்றத்தில் பதில் வரவில்லை. 2003 பிப்ரவரியில் நடக்கவிருந்த திறப்பு விழாவும் அரசியல் எதிர்ப்பில் நின்றுபோனது. வெள்ளையடிப்பது வேறு, உண்மையைப் பதிவது வேறு. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் நடந்தால் அமைதி வராது, கட்டடம்தான் வரும்.

இதிலே நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது. 1981ஐ மனப்பாடமாகச் சொல்கிற தமிழ்நாட்டு இளைஞர்களில் எத்தனை பேருக்கு 1990 அக்டோபர் தெரியும்? வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றிய மாதம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். நமக்கு வலித்ததை மட்டும் அடுக்கி வைத்தால் அது நூலகம் இல்லை, கட்சி ஆபீஸ். நமக்குப் பிடிக்காத தாளையும் அதே பத்திரத்தோடு பாதுகாத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கிறவர்தான் நூலகர். இந்தத் தொழிலின் கஷ்டமும் கௌரவமும் அதுதான்.

சாட்சிக் கூண்டில் ஒரு நூலகர்

இது ஈழத்து விஷயம் மட்டும் இல்லை. 1992 ஆகஸ்டில் பொஸ்னியாவின் தேசிய நூலகத்தை சாரயேவோவில் செர்பியப் படைகள் குண்டு வீசி எரித்தன. அமெரிக்காவில் ஹார்வர்டில் நூலகராக இருந்த ஆண்ட்ராஸ் ரீட்ல்மேயர் என்ன செய்தார் தெரியுமா? அங்கே எரிந்த சுவடிகளை முன்பு எப்போதாவது நகலெடுத்துப் போன வெளிநாட்டு ஆய்வாளர்களைத் தேடி அந்த நகல்களைத் திரட்டும் வேலையில் இறங்கினார். பிறகு கொசோவோவுக்கே போய், இடிக்கப்பட்ட மசூதிகளையும் நூலகங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். 2002ல் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தில், மிலோசெவிச்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒரு நாட்டின் முன்னாள் அதிபர் எதிரே உட்கார்ந்திருக்க, சாட்சிக் கூண்டில் ஒரு நூலகர்! தூசி தட்டுற வேலை?

குவாதமாலாவில் 2005ல் ஒரு பழைய போலீஸ் கட்டடத்தில் எலி கடித்துக் கிடந்த தாள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சுமார் 8 கோடிப் பக்கம். ஆவணக்காரர்கள் வருடக்கணக்கில் சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, மின்னாக்கம் செய்தார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான், 1984ல் காணாமல் போன ஒரு தொழிற்சங்க இளைஞர் வழக்கில் 2010ல் இரண்டு போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இருபத்தாறு வருடம் கழித்து! பிள்ளையின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சித் தெருவில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது அனுதாபத் தீர்மானம் இல்லை, அப்படி ஒரு தாள்.

ஈராக்கில் பாஸ்ரா நகர நூலகர் ஆலியா முகம்மது பாக்கர். 2003ல் போர் வந்தபோது அதிகாரிகள் கைவிரித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, மதில் சுவர் மேல் கைமாற்றிக் கைமாற்றிப் பக்கத்து ஓட்டலுக்குச் சுமார் 30,000 புத்தகங்களைக் கடத்திவிட்டார். சில நாளில் நூலகம் எரிந்துபோனது. ஆமாம் மாமா, பெட்டி அடுக்குற வேலைதான் :-)

நம்ம ஊர்ச் சாம்பல்

சாரயேவோ வரைக்கும் போக வேண்டாம் என்பவர்களுக்கு: 2012 நவம்பர் 7. நம் மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. காகிதத்தை எரித்தால் எழுந்து நிற்க முடியாது என்பது யாழ்ப்பாணத்தில் எரித்தவனுக்கும் தெரிந்திருந்தது, இங்கே எரித்தவனுக்கும் தெரிந்திருந்தது. புத்தகம் வாசிக்கிற நமக்குத்தான் தெரியவில்லை!

உண்மை அறியும் குழுக்கள் வந்து அறிக்கை கொடுத்தன. அன்று மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களில் ஒருவர், "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் யார் சொல்வது? சாதிக்கொரு கதை வைத்திருக்கிற வாட்ஸப் குழுவா? அந்த அறிக்கைகளையும் அன்றைய பத்திரிகைகளையும் பாதிக்கப்பட்டவர்களின் குரலையும் பதிந்து வைத்து எடுத்துக் கொடுக்கிற ஒரு மேசை இந்த மாவட்டத்தில் வேண்டாமா? இப்படி ஒரு மேசை போட்டால் சண்டை வரும் என்கிறார் என் தோழி. மேசை இல்லாமல்தானே வந்தது சண்டை?

என்ன செய்யலாம்?

நம்மிடம் இல்லாதது கட்டடமும் இல்லை, பணமும் இல்லை. நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உள்ளாட்சிகள் அதை வசூலித்துவிட்டு நூலகத்துறைக்கு ஒழுங்காகக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பல வருடக் கதை. 2006க்குப் பிறகு ஊராட்சிக்கு ஊராட்சி நூலகம் கட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதைப் போய்ப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, ஜன்னல் வழியே பார்த்தால் உரமூட்டை. 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே அடுத்த வருடம் ஆஸ்பத்திரியாக மாற்றுகிறோம் என்று ஓர் அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் தப்பியது. 2023ல் மதுரையில் பிரம்மாண்டமாகக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது, சந்தோஷம். ஆனால் பாலக்கோட்டுப் பிள்ளை தினமும் மதுரைக்குப் போக முடியாது.

என் கோரிக்கை நாலே நாலு:

1. பூட்டிக் கிடக்கிற ஊராட்சி நூலகங்களைத் திறந்து, படித்த நூலகரை முழு நேரமாக, முழுச் சம்பளத்தோடு போடுங்கள். பத்துப் பேருக்கு ஒரு வேலை என்றில்லை, ஊருக்கு ஒரு வேலை.

2. அந்தந்த மாவட்டத்து ஆவணங்களை, ஊர்ப் பத்திரிகை, மலர், துண்டறிக்கை உட்பட, அந்தந்த மாவட்டத்திலேயே மின்னாக்கம் செய்யுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நல்ல வேலை செய்கிறது. அதன் கை தாலுகா வரை நீள வேண்டும்.

3. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகிற எல்லை மாவட்டம் இது. காவிரித் தீர்ப்பு மாதிரியான முக்கிய ஆவணங்களின் சுருக்கம் மூன்று மொழியிலும் நூலகத்தில் கிடைக்க வேண்டும்.

4. ஜூன் 1-க்குக் கவிதை எழுதுகிறவர்கள் அந்த ஒரு நாளாவது தங்கள் ஊரின் ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்யுங்கள். கவிதையை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

நேற்று மாமாவைப் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, சம்பளம் எவ்ளோ வரும்?" என்றார். நியாயமான கேள்வி. நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்று போராடிய ஊர்ப்புற நூலகர்களை நினைத்துக்கொண்டேன், பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை நான் சொல்லக் கூடாது மாமா, நூலக வரி வாங்குகிறவர்கள் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டேன்.

பி.கு.: இதை வாசித்துவிட்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அது ஒன்றுக்குக் காசு கிடையாது.